பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே ஒரு கான்டெஸா

பழைய காரை வீட்டுக் கொட்டகையில் மீட்டெடுக்கும் ஆசை தமிழ்நாடு–கேரள எல்லையோர ஊர்களில் வளர்ந்து வருகிறது. ஆனால் துரு, எத்தனால், கட்டணம், சட்டம் ஆகிய நான்கும் அந்த ஆசைக்கு வரம்பு கட்டுகின்றன.

களியக்காவிளையைக் கடந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 66-இலிருந்து பூவார்க் கடற்கரைப் பக்கம் பிரியும் சாலைகளில், திருப்புறத்தைச் சுற்றியுள்ள தென்னந்தோப்பு ஊர்களில், உப்புக் காற்றும் ஆண்டுக்கு இரண்டு பருவமழையும் இரும்புக்கு ஓய்வு தருவதில்லை. இங்கே பல ஆண்டுகள் தார்ப்பாய்க்குள் கிடந்த ஒரு கான்டெஸா காரின் கதவைத் திறந்தால் கீல் முனகுகிறது. கதவின் அடிவிளிம்பிலிருந்து செம்பழுப்புச் செதில்கள் உதிர்கின்றன. ஓட்டுநரின் கால்விரிப்பைத் தூக்கினால் தரைத்தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை விழுந்து, அதன் வழியே கொட்டகையின் மண் தெரிகிறது. வெளியே பானெட்டின் நீண்ட கோடும் நான்கு முகவிளக்குகளும் குலையாமல் இருக்க, அடியில் கார் தன்னைத் தானே தின்றுகொண்டிருக்கிறது.

இத்தகைய காரை மீண்டும் சாலையில் இறக்க விரும்புபவர் முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்கு அதைத் திரும்பக் கொண்டுவருவது ஒன்று. அதை மீட்டெடுத்தல் எனலாம். எஞ்சின், சக்கரம், தோற்றம் ஆகியவற்றை மாற்றி முன்பைவிட வலிமையாக்குவது மற்றொன்று, அது மேம்படுத்தல். அமெரிக்காவில் இவ்விரண்டும் ஒரே பொழுதுபோக்கின் இரு முகங்களாக வளர்ந்தன. இந்தியாவில் முதலாவதற்குச் சட்டம் வழிவிடுகிறது. இரண்டாவதற்கு மிகக் குறுகிய பாதையையே விட்டிருக்கிறது. அந்த வரம்பை வரைந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் பிறந்தது என்பதால், திருப்புறத்துக் கொட்டகைக்கும் டெல்லி நீதிமன்றத்துக்கும் நேரான தொடர்பு இருக்கிறது.

அமெரிக்க மசில், இந்திய உடல்

நடுத்தர அளவுள்ள இரண்டு கதவுக் காருக்குள், பெரிய காருக்கென வடிவமைத்த எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, குறைந்த விலையில் மிகுந்த வேகத்தைத் தந்த 1960-களின் அமெரிக்கக் கார்களே 'மசில் கார்' எனப்பட்டன. 1964-இல் வெளிவந்த பான்டியாக் ஜி.டி.ஓ. அவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது, அதன் 6.4 லிட்டர் எஞ்சின் 325 குதிரைத்திறன் தந்தது. இந்தியாவில் அந்த அளவுக்கு எந்தக் காரும் தயாரிக்கப்படவில்லை. இருந்தும், நீண்ட மூக்கு, அகன்ற உடல், பின்சக்கரங்களைச் சுழற்றும் அமைப்பு ஆகிய காரணங்களால், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கான்டெஸாவை இந்திய ரசிகர்கள் 'நம்ம ஊர் மசில் கார்' என்று அழைத்துப் பழகிவிட்டனர்.

அந்தப் பட்டம் தோற்றத்துக்கே பொருந்தும். 1984-இல் சந்தைக்கு வந்த கான்டெஸா, பிரிட்டனில் 1970-களில் விற்பனையான வாக்ஸ்ஹால் வி.எக்ஸ். காரின் உடலையும், அம்பாசடரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த 1,489 சி.சி. எஞ்சினையும் கொண்டிருந்தது. ஏறத்தாழ 50 குதிரைத்திறனே தந்த அந்த எஞ்சினால் இவ்வளவு பெரிய உடலைச் சுறுசுறுப்பாக இழுக்க முடியவில்லை. ஜப்பானின் இசுசூ நிறுவனத்தின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர்களும் சேர்ந்து 'கான்டெஸா கிளாசிக்' ஆன பிறகே கார் தன் உடலுக்கேற்ற ஓட்டத்தைப் பெற்றது. பின்னர் இசுசூ டீசல் எஞ்சினும் வந்தது. 2002-இல் உற்பத்தி நின்றது.

---
பெட்டிச் செய்தி: மூன்று கார்கள், மூன்று முடிவுகள்

• அம்பாசடர்: மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு 1950-களின் இறுதியில் தொடங்கி, 2014 மே மாதம் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பெயருரிமை 2017-இல் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சு நிறுவனமான பியூஜோ குழுமத்துக்கு விற்கப்பட்டது.

• கான்டெஸா: 1984 முதல் 2002 வரை. 1.5 லிட்டர், 1.8 லிட்டர் பெட்ரோல், 2 லிட்டர் டீசல் எஞ்சின்கள்.

• ஸ்டாண்டர்டு 2000: சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-இல் வெளியிட்டது. பிரிட்டனின் ரோவர் எஸ்.டி. 1 காரின் அழகிய உடலுக்குள், 1940-களின் ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் மரபில் வந்த 2 லிட்டர் எஞ்சின் வைக்கப்பட்டது. 1988-இல் உற்பத்தி முடிந்தது.
---

துருவோடு தொடங்கும் கணக்கு

கான்டெஸா தனிச் சட்டகத்தின் மேல் உடல் பொருத்தப்பட்ட ஜீப் வகையைச் சேர்ந்ததன்று. தரை, பக்கச் சுவர், கூரை ஆகிய தகடுகளே ஒன்றோடொன்று வெல்டிங் செய்யப்பட்டு, வண்டியின் முழுப் பாரத்தையும் சுமக்கும் கூட்டாகின்றன. இதை 'மோனோகாக்' அமைப்பு என்பார்கள். எனவே இங்கே துரு என்பது அழகுக் குறை மட்டுமாக நின்றுவிடாமல், காரின் முதுகெலும்பையே தொடுகிறது. கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் பெட்டி வடிவ விளிம்பு, ஜாக்கி வைக்கும் இடம், சக்கர வளைவுகளின் உட்புறம், முன்கண்ணாடிச் சட்டத்தின் அடிப்பகுதி, டிக்கியின் தரை ஆகியவற்றில்தான் நீர் தேங்கி, உள்ளிருந்து வெளியே துரு பரவுகிறது. வெளியே பெயின்ட் குமிழியிடும்போது உள்ளே தகடு ஏறத்தாழ முடிந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைத் தகட்டின் மேல் நகர்த்தினால், டிங்கரிங் பட்டறையில் பட்டி தடித்துப் பூசிய இடங்களில் அது பிடிக்காமல் வழுக்கிவிடும். அந்த இடங்களிலும் கதவடி விளிம்பிலும் ஸ்குரூடிரைவரின் முனையால் அழுத்திப் பார்த்தால், நல்ல தகடு கணீரென்று எதிர்க்கும். இற்ற தகடு அப்பளம்போல் நொறுங்கும். காரை வாங்குவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்பவர், எஞ்சினின் ஒலியில் மயங்கி முன்பணம் கொடுப்பவரைவிடப் பெருந்தொகையை மிச்சப்படுத்துகிறார்.

துருப்பிடித்த விளிம்பை வெட்டி எடுக்கும்போது வீட்டுப் பட்டறைகளில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. பாரம் தாங்கும் பகுதியை வெட்டுவதற்கு முன், கதவு நிற்கும் இடைவெளியின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து காரின் வடிவைப் பூட்டிவைக்க வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால் உடல் நடுவில் சில மில்லிமீட்டர் தொய்ந்து, புதுத் தகடு பொருந்திய பிறகு கதவே மூடாமல் போகும். தகட்டின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே என்பதால், கேஸ் வெல்டிங்கின் பரந்த வெப்பம் அதை நெளியவைக்கும். கம்பி தானாகவே ஊட்டப்பட்டு வாயுப் பாதுகாப்பில் எரியும் மிக் வெல்டிங்கில், இடம் மாற்றி மாற்றிச் சிறு பொட்டுகளாக ஒட்டுவதே பொருத்தமான முறையாகும். ஒட்டிய பின் எபாக்ஸி பிரைமர், இணைப்புகளில் சீலர், மூடிய பெட்டிகளுக்குள் மெழுகு கலந்த துருத்தடுப்புப் பூச்சு என்ற வரிசை தவறினால், கடலோர ஈரம் புதுத் தகட்டையும் விட்டுவைக்காது.

இந்தக் கட்டத்தில் சட்டமும் குறுக்கிடுகிறது. சேசிஸ் எண் பொறிக்கப்பட்ட தகட்டைத் துரு நெருங்கியிருந்தால், அதை வெட்டி எறிவது காரின் அடையாளத்தையே எறிவதாகும். பதிவுப் புதுப்பிப்பிலும் உரிமை மாற்றத்திலும், அந்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சு கேட்கப்படுவதுண்டு. எண் தெளிவாக வராத கார், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அலுவலகப் பார்வையில் சந்தேகத்துக்குரிய காரே. ஆகவே வேலை தொடங்கும் முன் அந்தப் பகுதியைப் படமெடுத்து வைப்பதும், கைவைக்க நேர்ந்தால் அதிகாரிக்கு எழுதி முன்னனுமதி பெறுவதும் காரின் பிற்காலத்தைக் காப்பாற்றும்.

எஞ்சினும் எத்தனாலும்

எஞ்சினைப் பொறுத்தவரை கான்டெஸாவுக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. அதன் 1.5 லிட்டர் எஞ்சினும், பின்னர் வந்த 1.8 லிட்டர் இசுசூ எஞ்சினும் அம்பாசடரிலும் ஓடியவை. அம்பாசடர் 2014 வரை தயாரிக்கப்பட்டதால் பிஸ்டன், வால்வு, பேரிங், கிளட்ச் தட்டு போன்றவை சென்னைப் புதுப்பேட்டை வரை தேடிப் போனால் இன்னும் கிடைக்கின்றன. கான்டெஸாவுக்கு மட்டுமே உரிய பின்விளக்கு, முன்கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றும் ரப்பர் பீடிங், உடல் தகடுகள் ஆகியவை அரிதாகிவிட்டன. ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த இந்த மண்ணிலேயே ஒரு கார்க் கண்ணாடிக்கான ரப்பர் பட்டை கிடைக்காமல் ஆக்கர் (பழைய இரும்பு) கடைகளில் இன்னொரு செத்த காரைத் தேட வேண்டியிருக்கிறது. எனவே ஓடாத எஞ்சினும் முழுமையான உடலும் உள்ள காரே, ஓடும் எஞ்சினும் குறைபட்ட உடலும் உள்ள காரைவிட நல்ல கொள்முதல் ஆகும்.

தேய்ந்த சிலிண்டரை லேத்துப் பட்டறையில் சற்றே அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவது 'ரீபோர்' எனப்படும். 1,489 சி.சி. எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 73.025 மில்லிமீட்டர், அதற்கு மேல் பட்டறையில் '20 சைஸ்', '40 சைஸ்' என்று சொல்லப்படுபவை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20, 40 பங்கு கூடுதல் என்பதைக் குறிக்கும். முந்தைய உரிமையாளர் எந்த அளவு வரை கடைந்திருக்கிறார் என்று அளந்து பாராமல் எஞ்சினை வாங்கினால், அடுத்த கடைசலுக்கு இரும்பே மிச்சமில்லாத நிலை வரலாம்.

பழைய எஞ்சின்கள் பிறந்த காலத்தின் பெட்ரோல் இன்று இல்லை என்பது இதைவிடப் பெரிய சிக்கல். அக்காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம், வால்வு வந்து அமரும் வளையத்தின்மீது மெல்லிய காப்பாகப் படிந்து தேய்மானத்தைக் குறைத்தது. உடல்நலக் காரணங்களால் 2000-ஆம் ஆண்டு இந்தியா ஈயப் பெட்ரோலைக் கைவிட்டது. அதற்கு முன் தயாரான எஞ்சினின் ஹெட்டைப் பிரிக்கும் வாய்ப்பு கிடைக்கும்போது, கடினமாக்கப்பட்ட எஃகு வளையங்களைப் பதித்துவிடுவது நெடுந்தூரம் ஓட்ட நினைப்பவருக்கு ஏற்ற செலவாகும்.

---
பெட்டிச் செய்தி: இ20 பெட்ரோலும் கார்புரேட்டரும்

• இ20 என்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2025-இல் இது நாடெங்கும் பொது எரிபொருளாகிவிட்டது.

• எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். நெடுநாள் ஓடாமல் நிற்கும் காரின் டேங்கில் நீர் பிரிந்து அடியில் தங்கி, துருவைத் தூண்டும்.

• பழைய ரப்பர் குழாய்கள், பெட்ரோல் பம்ப்பின் சவ்வு, கார்புரேட்டர் வாஷர்கள் ஊறி உப்பலாம் அல்லது வெடிக்கலாம். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றுவது தீ விபத்தைத் தவிர்க்கும் முதற்படி.

• ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. நவீனக் காரின் கணினி இதைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு ஜெட் அளவைக் கையால் திருத்த வேண்டும்.

• பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை வரம்பு: கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். திருத்தம் தவறினால் இந்த வரம்பும் தவறும்.
---

கொட்டகைக்குள் காணாத ஆபத்து

வீட்டில் வேலை செய்வதில் பணம் மிச்சமாகிறது. ஆபத்து வீட்டுக்குள் வருகிறது. பழைய பிரேக் லைனிங்குகளிலும் கிளட்ச் தட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால், அவற்றின் தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இரண்டு பகுதிகளாக வந்து கலந்து அடிக்கப்படும் இன்றைய பெயின்ட்டின் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் உள்ளது. துணி முகமூடியைக் கடந்து நுரையீரலில் சேரும் அது, ஒருமுறை ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலே ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் வீட்டு வாசலும் உள்ள கார் ஷெட்டில் இந்தப் பெயின்ட்டை அடிப்பது, குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டுக்கு ஏற்றதன்று. உடலைத் தயாராக்குவது வரை வீட்டில் செய்துகொண்டு, இறுதிப் பூச்சை மட்டும் காற்றுறிஞ்சி அமைப்புள்ள பெயின்ட் பட்டறையில் கொடுப்பதே உகந்த பங்கீடு.

பெட்ரோல் டேங்கைக் கழற்றாமல் அதனருகே வெல்டிங் செய்வதும் இதே அளவு தீங்கானது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கில் தேங்கும் ஆவி எளிதில் வெடிக்கும் என்பது அனுபவமுள்ள ஒவ்வொரு வெல்டருக்கும் தெரிந்த பாடம்.

2019 ஜனவரி 9

வாகனங்களை மாற்றியமைப்பது குறித்துக் கேரள உயர் நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று, மாநில மோட்டார் வாகன விதிகளின் அடிப்படையில் ஓரளவு தாராளமான நிலைப்பாட்டை எடுத்திருந்தது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, 2019 ஜனவரி 9 அன்று அதை மாற்றியது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கும் இடையே முரண்பாடு எழும் வகையில் எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக்கூடாது என்றும், மாநில விதிகள் அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்றும் அது தெளிவுபடுத்தியது.

இதன் விளைவைக் கான்டெஸாவில் பொருத்திப் பார்த்தால், இணையக் காணொளிகளில் பெரும் ரசிகர் கூட்டத்தைப் பெறும் வேலைகள் பலவும் வரம்பு மீறியவை ஆகின்றன. இறக்குமதியான ஜப்பானிய ஆறு சிலிண்டர் எஞ்சினை வைப்பது, கூரையை அறுத்துத் திறந்த காராக்குவது, சக்கர வளைவுகளை அகலப்படுத்துவது ஆகியவை காரின் மூல விவரத்தையே மாற்றிவிடுகின்றன. 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 182-ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றத்துக்காக உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. அபராதத்தைவிடக் கடுமையானது காப்பீட்டுச் சிக்கல்: மாற்றத்தை மறைத்து ஓட்டிய கார் விபத்தில் சிக்கினால், இழப்பீட்டுக் கோரிக்கையை நிறுவனம் மறுக்க அதுவே காரணமாகலாம்.

அதற்காக மேம்பாட்டின் கதவு முழுவதும் அடைபட்டுவிடவில்லை. பதிவுச் சான்றிதழில் எழுதப்படாத இடங்களில் செய்வதற்கு ஏராளம் இருக்கிறது. தீப்பொறி தரும் பழைய பாயின்ட் முறைக்குப் பதிலாக மின்னணு இக்னிஷன், முகவிளக்கின் மின்சாரம் ஸ்விட்ச் வழியே போகாமல் நேராகச் செல்ல ரிலே, தென்னகத்து வெயிலைத் தாங்கும் மின்விசிறியுடன் நல்ல ரேடியேட்டர், புதிய பிரேக் ரப்பர்களும் எண்ணெயும், சீட் பெல்ட் ஆகியவை காரின் அடையாளத்தைத் தொடாமல் அதன் பாதுகாப்பை உயர்த்துகின்றன. குதிரைத்திறனைக் கூட்ட நினைத்த பணத்தைப் பிரேக்குக்கும் விளக்குக்கும் செலவிடுபவர், சட்டத்தோடும் உயிரோடும் ஒருசேர ஒத்துப்போகிறார்.

---
பெட்டிச் செய்தி: எது ஆகும், எது ஆகாது

• ஆகும்: இருக்கை உறை, இசைக்கருவி, மின்வயர்கள், மூல வடிவிலான உதிரி பாகங்கள்.

• ஒப்புதலுடன் ஆகும்: நிற மாற்றம், எஞ்சின் மாற்று, அங்கீகரிக்கப்பட்ட சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட், ஏ.ஐ.எஸ். 123 தரத்தில் சான்று பெற்ற மின்சாரக் கிட். எல்லாவற்றையும் பதிவுச் சான்றிதழில் ஏற்ற வேண்டும்.

• ஆகாது: சேசிஸையோ உடல் வடிவையோ மாற்றுவது, ஒலி வரம்பைத் தாண்டும் சைலன்சர், கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம். கடைசியதை 2012-இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்தது. 2021 ஜனவரியில் கேரள மோட்டார் வாகனத் துறை 'ஆபரேஷன் ஸ்கிரீன்' என்ற பெயரில் மாநிலமெங்கும் சோதனை நடத்தியது.
---

எல்லை தாண்டும் எண் பலகை

பாறசாலைப் பக்கத்து ஊர்களுக்கு மட்டுமே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. இங்கே உறவு, சந்தை, பட்டறை எல்லாம் எல்லையின் இரு பக்கமும் பரவிக்கிடக்கின்றன. நாகர்கோவிலின் டி.என். 74, மார்த்தாண்டத்தின் டி.என். 75, பாறசாலையின் கே.எல். 19, நெய்யாற்றின்கரையின் கே.எல். 20 ஆகிய எண்கள் ஒரே தெருவில் நிற்பது இயல்பு. ஆனால் மார்த்தாண்டத்தில் வாங்கிய பழைய காரைத் திருப்புறத்தில் வைத்துக்கொள்பவருக்கு அந்தச் சில கிலோமீட்டர் தூரம் மாநிலம் கடந்த மாற்றமாகும். தமிழ்நாட்டு அலுவலகத்தின் தடையின்மைச் சான்றைப் பெற வேண்டும். பழைய வங்கிக் கடன் பதிவு நீங்கியிருக்க வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் கேரளத்தில் வைத்திருந்தால் கேரள எண் பெற வேண்டும்.

இதில் பலரையும் சறுக்கவைப்பது காலாவதியான பதிவு. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும்; பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. அதே விதி, தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல் கட்டணத்தையும் வகுத்தது. அதன்படி ஐந்து ஆண்டுகள் கொட்டகையில் மறந்து கிடந்த காருக்குத் தாமதக் கணக்கு மட்டும் 30,000 ரூபாயை எட்டிவிடுகிறது. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாயாக உயர்ந்தது. இவற்றுக்கு மேல் கேரள அரசு தன் 2025-26 பட்ஜெட்டில், 15 ஆண்டு கடந்த தனியார் வாகனங்களின் வரியை 50 சதவீதம் உயர்த்தியது. கான்டெஸாவின் எடைப் பிரிவில் ஐந்து ஆண்டு வரி 8,600 ரூபாயிலிருந்து 12,900 ரூபாயானது.

ஆகவே தகட்டுக்கும் பெயின்ட்டுக்கும் பட்ஜெட் போடுபவர் தாளுக்கும் பட்ஜெட் போட வேண்டும். விற்பவரிடம் மூலப் பதிவுச் சான்றிதழ் இல்லாத கார், பாதி விலைக்குக் கிடைத்தாலும் முழு நட்டமாகவே முடியலாம்.

நடுவயதின் அவலம்

பழைய கார்களைப் பாரம்பரியமாக மதிக்கும் விதிகள் இந்தியாவில் இல்லாமல் இல்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவில் பேணப்பட்டு, சேசிஸிலும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்யப்படாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'வின்டேஜ்' என்று பதிவு பெறலாம். 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் வரிசை, 20,000 ரூபாய் கட்டணம், 10 ஆண்டு செல்லுபடி ஆகியவை அதன் கூறுகள். அத்தகைய காரை அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்த முடியாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு ஆகியவற்றுக்கே சாலைக்கு வரலாம்.

---
பெட்டிச் செய்தி: யாருக்கு எப்போது ஐம்பது?

• ஸ்டாண்டர்டு ஹெரால்டு (1961–1971, சென்னை): எல்லாக் கார்களும் தகுதி பெற்றுவிட்டன.

• அம்பாசடர்: 1975-க்கு முந்தையவை தகுதி பெற்றுவிட்டன; கடைசிக் காருக்கு 2064.

• கான்டெஸா: முதல் காருக்கு 2034, கடைசிக் காருக்கு 2052.

• ஸ்டாண்டர்டு 2000: 2035 முதல்.
---

15 ஆண்டு முடிந்ததும் ஒரு கார் மாசுபடுத்தும் பழம்பொருள் என்ற கணக்கில் கூடுதல் வரி செலுத்தத் தொடங்குகிறது. 50 ஆண்டு முடிந்ததும் அதே கார் நாட்டின் பாரம்பரியமாகிறது. இடைப்பட்ட 35 ஆண்டுகளில் அதற்கு எந்தத் தனித் தகுதியும் இல்லை. இந்தியர்களின் நினைவில் வாழும் கான்டெஸா, பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு 2000, முதல் தலைமுறை மாருதி ஆகிய கார்களில் பெரும்பாலானவை இந்தப் பள்ளத்தில்தான் கிடக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட வாகன உடைப்புக் கொள்கையும் சேர்ந்துகொண்டதால், காரை வைத்திருப்பதைவிட உடைக்கக் கொடுப்பதே பல குடும்பங்களுக்கு எளிதாகத் தோன்றுகிறது. இப்படி உடைபடும் ஒவ்வொரு காரோடும், மற்றொரு காரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய கண்ணாடியும் பின்விளக்கும் போய்விடுகின்றன.

பிற நாடுகள் இந்த இடைவெளியைக் குறுக்கியிருக்கின்றன. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, மூல நிலையில் பேணப்பட்டு அன்றாடப் பயன்பாட்டில் இல்லாத 30 ஆண்டு வாகனத்தையே வரலாற்று வாகனமாக ஏற்கிறது. ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்து நன்கு பேணப்பட்ட கார்களுக்கு 'எச்' என்று முடியும் சிறப்பு எண் பலகை 1997 முதல் வழங்கப்படுகிறது. பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த காருக்கு வாகன வரி விலக்கு உண்டு. பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்தும் 2018 முதல் விலக்கு கிடைக்கிறது. பிரிட்டனின் வரி விலக்கு நீங்கலாக, மூன்றும் ஒரே நிபந்தனையில் ஒன்றுபடுகின்றன: மூலத்தை மாற்றாதவருக்கே சலுகை.

மாசு பற்றிய எதிர்வாதம் புறந்தள்ளத் தக்கதன்று. கார்புரேட்டர் கார் ஒன்று கிலோமீட்டருக்கு வெளியேற்றும் நச்சுவாயு, இன்றைய காரைவிடப் பல மடங்கு அதிகம். தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் வாகனங்களுக்கு எதிரான தடை காற்றின் நிலையைக் கருதியே வந்தது. ஆனால் மாதம் நூறு கிலோமீட்டர்கூட ஓடாத காருக்கும் நாள்தோறும் ஓடும் வாடகைக் காருக்கும் வயதை மட்டுமே அளவுகோலாக்கினால், மாசைக் குறைப்பதில் கிடைக்கும் பயன் சிறிது. இழக்கப்படும் தொழில்நுட்ப வரலாறு பெரிது. ஆண்டுக்கு இவ்வளவு கிலோமீட்டர் என்ற வரம்புடன், மூல நிலையை உறுதிசெய்யும் ஆய்வுடன், 30 ஆண்டு நிறைந்த கார்களுக்குத் தனிப் பிரிவை வின்டேஜ் விதிகளிலேயே சேர்ப்பது இரு தரப்பின் கவலைக்கும் விடையளிக்கும். மீட்டெடுப்பவரைச் சட்டத்துக்குள் கொண்டுவரவும் அதுவே வழி.

அது வரும்வரை திருப்புறத்துக் கொட்டகையில் வேலையைத் தொடங்குபவருக்கு ஏற்ற வரிசை தெளிவாகவே இருக்கிறது: முதலில் தாள், அடுத்து தகடு, பிறகு பிரேக்கும் எரிபொருள் குழாயும், அதன் பின் எஞ்சின், கடைசியில் பெயின்ட். கழற்றிய ஒவ்வொரு மூலப் பாகத்தையும் பெயரெழுதிப் பாதுகாப்பவரின் 1984 கான்டெஸா, 2034-இல் வின்டேஜ் விண்ணப்பத்தோடு நெய்யாற்றின்கரை அலுவலகத்தின் முன் நிற்கத் தகுதி பெறும். எஞ்சினை மாற்றிய கார் அந்த வரிசையில் நிற்க முடியாது.